பிள்ளையோடு விமானம் ஏறும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், வெளியிடவில்லை. பதிலை மட்டும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கணவரின் வேலை அட்டையை நம்பி, அவரைச் சார்ந்தவர்களுக்கான டிபி அட்டையில் சிங்கப்பூருக்கு வந்து, சிராங்கூன் சாலையைச் சுற்றியுள்ள வாடகை வீடுகளில் பிள்ளை வளர்க்கும் பெண்கள் பலருக்கு உங்கள் கேள்விகள்தான் மனதில் ஓடுகின்றன. கேட்க ஆளில்லை. கேட்டால் பேச்சு ஊருக்குப் போய்விடும் என்ற பயம் வேறு.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை இரவு திருச்சி விமானத்தில், கணவருக்குத் தெரியாமல் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

“பிள்ளை நம்ம கையில இருந்தா அவன் தானா வழிக்கு வருவான்” என்று உங்கள் அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மகள் படும் பாட்டைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் அந்த வழியில் போனவர்களின் கதை எப்படி முடிந்தது என்பதை அவர் அறிந்தால் அப்படிச் சொல்லமாட்டார். கோயம்புத்தூரோடு தொடர்புள்ள ஒரு தம்பதி பிரிட்டனில் வாழ்ந்தார்கள். அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். 2012 ஆகஸ்டில் தாய் பிள்ளைகளோடு கோவைக்கு வந்தார், அங்கே விவாகரத்து மனுப் போட்டார். தகப்பன் லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், பிறகு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு, அதன் பிறகு டில்லிக்கு. 2015 பிப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம், பிள்ளைகளைத் திரும்ப பிரிட்டனுக்கே கொண்டுபோக வேண்டும் என்றது. அப்படியானால் இனி எல்லா வழக்கும் இப்படித்தான் முடியும் என்று தகப்பன்மார் நினைத்திருக்கும்போது, 2017இல் அதே உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு வேறொரு வழக்கில் அந்தப் போக்கை ஏற்கவில்லை. வெளிநாட்டு உத்தரவும் பார்க்கவேண்டிய பலவற்றுள் ஒன்றுதான், பிள்ளையின் நலனே முதன்மை என்றது. இப்போது தாயும் நிம்மதியாக இருக்க முடியாது, தகப்பனும் இருக்க முடியாது. கோவை வழக்கில் முதல் நாளுக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவில் இரண்டரை ஆண்டு போய்விட்டது. அந்தப் பிள்ளைகளின் வயதில் அது எவ்வளவு நீளம் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவதற்கான ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2011 மார்ச் 1 முதல் இருக்கிறது. இலங்கையும் இருக்கிறது. இந்தியா சேரவில்லை. “இந்தியாவுக்குள் வந்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்யமுடியாது” என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்புகிறது. உடன்படிக்கை இல்லாததால் வழக்கு இல்லாமல் போவதில்லை. எப்போது முடியும் என்று சொல்லமுடியாத வழக்காக நீள்கிறது. நீங்கள் போன மறுவாரமே உங்கள் கணவர் இங்கே மனுப்போட்டு, நீங்கள் இல்லாத நேரத்தில் பிள்ளைக்கான உத்தரவை வாங்கலாம். பிறகு எந்தக் காரணத்துக்காகவும் நீங்கள் சாங்கி விமான நிலையத்தில் நிம்மதியாக வந்திறங்க முடியாது. உங்கள் மகள் தினமும் இரவு எட்டு மணிக்கு அப்பாவுக்கு அழைக்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த அழைப்பை நிறுத்தியவர் என்ற பெயர் உங்கள்மேல் விழக்கூடாது, நீதிமன்றத்திலும் சரி, பின்னாளில் அவள் மனதிலும் சரி.

இன்னொன்று. அவர் கை ஓங்கினால், பொருளை எறிந்து மிரட்டினால், இங்கே எழுதும் எதற்கும் காத்திருக்காதீர்கள். 999ஐ அழையுங்கள். குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு மனுப்போடலாம்; அதற்கு நீங்கள் குடியுரிமை பெற்றவராக இருக்கவேண்டியதில்லை. 2025 ஜனவரி 2இல் நடப்புக்கு வந்த திருத்தம், அடியை மட்டுமல்லாமல் மனத்தை நொறுக்கும் தொடர் வசவுகளையும் குடும்ப வன்முறையாகவே வரையறுக்கிறது. 1800 777 0000 என்ற தேசிய உதவி எண்ணில் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

இனி வழக்கு விஷயத்துக்கு வருகிறேன். “கல்யாணம் ஊரில் நடந்தது, இங்கே எப்படி விவாகரத்து?” என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. திருமணம் எங்கே நடந்தாலும், உங்கள் இருவரில் ஒருவர் மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருந்தால் சிங்கப்பூர்க் குடும்ப நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும். பொதுவாகத் திருமணமாகி 3 ஆண்டு ஆகியிருக்கவும் வேண்டும். உங்களுக்குத் திருமணமாகி 9 ஆண்டு ஆகிவிட்டது, உங்கள் கடிதப்படி இரண்டும் பொருந்துகிறது.

மணமுறிவுக்கு இங்கே ஒரே காரணம்தான்: மணவாழ்வு மீட்கமுடியாதபடி முறிந்துவிட்டது என்பது. பல ஆண்டுகளாக அதை நிரூபிக்க ஒருவர் மற்றவரைக் குற்றம் சொல்லவேண்டியிருந்தது. கள்ள உறவு, பொறுக்கமுடியாத நடத்தை, கைவிட்டுப் போனது, இல்லையென்றால் 3 அல்லது 4 ஆண்டு பிரிந்து வாழ்ந்தது. 2024 ஜூலை 1 முதல் இருவரும் சம்மதித்துப் பிரியலாம் என்ற வழியும் திறந்திருக்கிறது. ஏன் பிரிகிறோம், சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தோம், பிள்ளைக்கும் பணத்துக்கும் என்ன ஏற்பாடு என்று எழுதிக்கொடுக்க வேண்டும். சேர்ந்து வாழ வாய்ப்பு இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் மறுத்துவிடலாம். உங்கள் கணவர் சம்மதிப்பார் என்றால் இந்த வழியில் போங்கள். அவர் என்னென்ன பேசினார் என்று நீங்கள் நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் நான் நம்புகிறேன். ஆனால் மகள் யாரோடு இருப்பாள், மாதம் எவ்வளவு வரும் என்ற கேள்விகளுக்கு அந்த நாலு பக்கம் பெரிதாக உதவாது.

ஊரில் இந்தத் தீர்ப்பு செல்லுமா என்பதையும் யோசிக்க வேண்டும். வெளிநாட்டு விவாகரத்தை எப்போது ஏற்கலாம் என்று 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஒருவர் வராமலேயே, இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தை வைத்து மற்றவர் வாங்கிய தீர்ப்பு அங்கே நிற்காது. இருவரும் மனமொப்பி ஏற்றுக்கொண்ட தீர்ப்பு நிற்கும். ஆகவே அவர் இங்கே மனுப்போட்டு நோட்டீஸ் வந்தால் அதை அலமாரியில் வைத்து மூடிவிடாதீர்கள். பதில் கொடுக்காமல் விட்டால், இங்கே விவாகரத்தானவர், அங்கே மனைவி என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் மாட்டிக்கொள்ள நேரும்.

நான் மேலே சொன்ன சிங்கப்பூர் மணமுறிவுச் சட்டத்தின் பெயர் மாதர் சாசனம். அது வந்த கதை இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் கதையும்கூட. ஊரில் ஒருத்தி, இங்கே ஒருத்தி என்று ஆண்கள் வாழ்ந்ததை வழக்கம் என்று சட்டமே விட்டுவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. எந்த மனைவி எப்போது கைவிடப்படுவாள் என்று அவளுக்கே தெரியாது. பம்பாயில் பிறந்து 1950இல் சிங்கப்பூருக்கு வந்த ஷிரின் ஃபோஸ்தார், 1952இல் தொடங்கிய சிங்கப்பூர் மாதர் மன்றத்தோடு ஒருவனுக்கு ஒருத்தி என்று போராடினார். சட்டமன்றத்துக்குள் சான் சோய் சியோங் குரல்கொடுத்தார். 1961 மே 24இல் சாசனம் நிறைவேறி, செப்டம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. நம் தரப்பில் பத்திரிகை ஆசிரியர் கோ. சாரங்கபாணி போன்றோர் அதற்கு முன்பே சீர்திருத்தத் திருமணத்தைப் பேசிவந்தார்கள். வழக்குப் போடுவது குடும்பப் பெண்ணுக்கு அழகில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால், நீங்கள் போகும் வாசலைத் திறந்துவைத்தவர்களே குடும்பப் பெண்கள்தான் என்று சொல்லுங்கள். முஸ்லிம் வாசகிகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மணமுறிவும் இத்தா காலச் செலவு, முத்ஆ தொகை விஷயங்களும் ஷரியா நீதிமன்றத்தில் நடக்கும். கணவன் செலவுக்குக் கொடுக்காமல் விட்டால், மணவாழ்க்கை இருக்கும்போதே ஜீவனாம்சம் கேட்டுக் குடும்ப நீதிமன்றத்துக்கு நீங்களும் போகலாம்.

உங்களைத் தூங்கவிடாத கேள்வி, “எனக்குச் சம்பளம் இல்லை, பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்களா?” என்பது. மாட்டார்கள். சம்பளம் இல்லாத தாய் என்பதற்காக இங்கே யாரும் பிள்ளையைப் பறிப்பதில்லை. அந்தச் செலவுக்குத்தான் ஜீவனாம்சம் என்ற ஏற்பாடே இருக்கிறது. நீதிமன்றம் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகப் பார்க்கும். பள்ளி, மருத்துவம், மதம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் உரிமையைக் கஸ்டடி என்கிறார்கள். 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு பெரும்பாலும் அது இருவருக்கும் சேர்ந்தே கிடைக்கிறது. பிள்ளை யார் வீட்டில் தூங்கும், யார் காலையில் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவார் என்பது அடுத்தது. அது பெரும்பாலும் ஒருவரிடம் இருக்கும். மற்றவர் எந்த நாளில், எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்பது மூன்றாவது. பிறந்ததிலிருந்து மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, ஆசிரியரைச் சந்தித்து வந்தவர் நீங்கள் என்றால், இரண்டாவது விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. ஐந்து வயதுவரை தாயிடம் என்று ஊரில் சொல்லும் சட்டம் 1956ஆம் ஆண்டு இந்தியச் சட்டம். அது இங்கே கிடையாது, உங்கள் மகளுக்கு ஏழும் ஆகிவிட்டது. அதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

தீர்ப்புக்கு முன் நீங்கள் இருவரும் பெற்றோருக்கான கட்டாயப் பயிற்சிக்கும் சமரசப் பேச்சுக்கும் போகவேண்டியிருக்கும். சடங்கு என்று நினைக்காமல் போங்கள். தேவைப்பட்டால் நீதிபதியே பிள்ளையோடு தனியாகப் பேசுவார். அதற்காக அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒப்பிக்கும் குழந்தையை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட முக்கியம், அந்த வயதில் யாருக்காவது வக்காலத்து வாங்கும் சுமை அவளுக்கு வேண்டாம்.

உத்தரவு வந்த பிறகு, பிள்ளையை வைத்திருப்பவர் ஒரு மாதத்துக்குள் அடங்கும் பயணமாக வெளிநாடு கூட்டிப்போகலாம். பள்ளி விடுமுறைக்குத் தாத்தா பாட்டியைப் பார்க்க அது போதும். நிரந்தரமாக ஊருக்குப் போகவேண்டுமென்றால் தகப்பனின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும், இல்லையேல் நீதிமன்ற அனுமதி. கனடாவைச் சேர்ந்த ஒரு தாய், பிள்ளைகளோடு டொராண்டோவுக்குத் திரும்ப அனுமதி கேட்டார். உயர் நீதிமன்றம் கொடுக்கவில்லை, 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்துவிட்டது. தாயின் நியாயமான ஆசையும் முக்கியம், தகப்பனோடு பிள்ளைக்குள்ள பிணைப்பு அறுவதும் முக்கியம் என்று இரண்டையும் எடைபோட்டுத்தான் தீர்ப்பளிக்கிறார்கள். ஆகவே ஊருக்குப் போகவேண்டும் என்றால் திட்டத்தோடு கேளுங்கள். எந்தப் பள்ளி, யார் வீடு, உங்களுக்கு என்ன வேலை, விடுமுறைகளில் அப்பா எப்படிப் பார்ப்பார், தினமும் எத்தனை மணிக்குப் பேசுவாள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். நேர்வழியில் கேட்டு வாங்கிய அனுமதிக்குப் பிறகு நீங்கள் யாருக்கும் பயந்து வாழவேண்டியதில்லை.

பணத்துக்கு வருகிறேன். கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த நோட்டுத் தாளைப் பார்த்தேன். பள்ளிக் கட்டணம், பள்ளிப் பேருந்து, பரதநாட்டிய வகுப்பு, பல் மருத்துவர், பால், காலணி என்று மகளின் செலவை வரிவரியாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேலை, வழக்கில் கேட்கப்போவதும் இதையேதான். ஆனால் அந்தத் தாள் முழுக்க உங்கள் பெயரில் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்குக் கண்ணாடி மாற்றவேண்டாமா, மருந்து வேண்டாமா, தொலைபேசிக் கட்டணம் இல்லையா, எம்ஆர்டி ஏறுவதில்லையா? வீட்டு வாடகையில் உங்கள் பங்கு எங்கே? மனைவிக்கான ஜீவனாம்சம் வேறு, பிள்ளைக்கானது வேறு. உங்களுக்கென்று ஒரு தாள் எழுதுங்கள்.

இவ்வளவு சம்பளத்துக்கு இவ்வளவு சதவீதம் என்ற வாய்பாடு சிங்கப்பூரில் கிடையாது. இருவரின் வருமானம், தேவை, வயது, மணவாழ்வில் இருந்த வாழ்க்கைத் தரம், குடும்பத்துக்குச் செய்தது எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுப்பார்கள். விவாகரத்து மனு போடாமலே, செலவுக்குக் கொடுக்கவில்லை என்று இப்போதே கேட்கலாம். வழக்கு நடக்கும்போது இடைக்காலத் தொகையும் கேட்கலாம். பிள்ளைக்குப் பொதுவாக 21 வயதுவரை. உங்களுக்குரியது நீங்கள் மறுமணம் செய்தால் நின்றுவிடும். கொடுக்கத் தவறும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறைக்கு அனுப்ப நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. சம்பளத்திலிருந்தே பிடித்துக்கொடுக்க நிறுவனத்துக்கு உத்தரவிடவும் முடியும். பணம் இல்லை என்பவரின் கணக்குவழக்குகளை வங்கிகளிடமே கேட்டுப்பெறும் அதிகாரிகள் 2025 ஜனவரியிலிருந்து பணியில் இருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல், அவர் இபி என்ற வேலை அட்டையில் இருப்பவர். நாளைக்கே வேலையை விட்டு துபாய்க்குப் போய்விட்டால் இங்குள்ள நிறுவனத்திடமிருந்து பிடிக்க ஒன்றுமிருக்காது. அதனால் உங்களுக்குரியதை மாதாமாதம் வாங்குவதைவிட, முடிந்தால் ஒரே தொகையாகக் கேளுங்கள். பிள்ளைக்கான தொகைக்குப் பிணையம் கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. வழக்கறிஞரிடம் முதல் நாளே இதைச் சொல்லுங்கள். என் கண்ணுக்கு, உங்கள் வழக்கில் பணத்தைப் பற்றி எடுக்கவேண்டிய முடிவுகளில் இதுதான் பெரியது.

சென்னைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடி வீடு அவர் பெயரில் இருப்பதால் உங்களுக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொன்னாராம். அது உண்மையில்லை. மணவாழ்வின்போது வாங்கிய சொத்து யார் பெயரில் இருந்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும் கணக்கில் வரும். 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த முறையில் நேரடியாகப் போட்ட பணத்துக்கு ஒரு விகிதம், வீட்டைப் பார்த்துக்கொண்டது பிள்ளை வளர்த்தது ஆகியவற்றுக்கு ஒரு விகிதம் என்று போட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். நீண்ட காலம் ஒருவர் சம்பாதிக்க ஒருவர் வீட்டைப் பார்த்த குடும்பங்களில் சரிபாதியை நோக்கியே போவார்கள் என்று 2017இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. உங்கள் 9 ஆண்டுக்குச் சரிபாதி என்று யாரும் உறுதி தரமுடியாது. ஆனால் ஒன்றுமில்லை என்பது அப்பட்டமான மிரட்டல்.

அந்த வீட்டுக்கு முன்பணம் கட்ட உங்கள் வளையல்களைச் சிராங்கூன் சாலையில் விற்றதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ரசீது இருக்கிறதா? அம்மா வீட்டில் போட்ட நகை பொதுவாகப் பங்குக்கு வராது, அது உங்களுடையது. அதை விற்று வீட்டுக்குப் போட்டிருந்தால் நீங்கள் நேரடியாகப் போட்ட பணமாகிறது. ரசீதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் விற்ற நாளில் வங்கிக்கணக்கில் என்ன ஏறியது என்று பாருங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருக்கும் குடியுரிமைத் தம்பதிகளுக்கு மத்திய சேம நிதியில் (மசேநி) எடுத்த பணத்தை வட்டியோடு திருப்பிப் போடுவது, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் என்று வேறு கணக்குகள் உண்டு; அது தனிக் கடிதத்துக்குரியது.

எனக்கு மனம் ஆறாத இடம் உங்கள் அட்டைதான். உங்கள் டிபி அட்டை கணவரின் வேலையோடும் மணவாழ்வோடும் கட்டப்பட்டது. மணம் முறிந்தால் அதுவும் முடிகிறது. 2021 மே மாதத்திலிருந்து டிபி அட்டைதாரர் வேலைபார்க்கத் தனி வேலை அனுமதி வேண்டும், அதனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த கணக்கர் வேலையும் போயிற்று. இங்கே வழக்காட உரிமை இருக்கிறது, ஜீவனாம்சம் கேட்க உரிமை இருக்கிறது, அதை நடத்திமுடிக்கும்வரை இங்கே தங்கும் உரிமை மட்டும் கணவர் கையில் இருக்கிறது. பிள்ளையின் அட்டையும் அவரைச் சார்ந்தே இருக்கிறது. இது சரியில்லை. பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு வரும்வரையாவது இத்தகைய தாய்மார்கள் தங்கவும் வேலைபார்க்கவும் காலவரம்புள்ள ஓர் அட்டையை மனிதவள அமைச்சு தரவேண்டும். கணவரின் தயவில் இங்கிருக்கும் பெண்ணால் அவரோடு சமமாக உட்கார்ந்து சமரசம் பேச முடியாது. பயந்துபோய்க் கையெழுத்துப் போடுவதும், பயந்துபோய் விமானம் ஏறுவதும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. இப்போதைக்கு, வழக்கு நடப்பதைக் காட்டித் தங்க அனுமதி கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எனவே அட்டையின் கடைசித் தேதியை இன்றே பார்த்து வைத்துக்கொண்டு, வழக்கறிஞரிடம் முதலில் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அரசாங்கச் சட்ட உதவிப் பிரிவு குடியுரிமை பெற்றவர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான், உங்களுக்குக் கிடைக்காது. அவேர் அமைப்பின் மகளிர் உதவி எண்ணுக்கு அழையுங்கள், அவர்களிடம் சட்ட ஆலோசனைக்கும் வழி இருக்கிறது. பீட்டி சாலையில் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் அலுவலகம் இருக்கிறது, அங்கே தமிழிலேயே பேசலாம். கைவிடப்பட்ட மனைவிகளின் சட்டச் செலவுக்கு இந்தியத் தூதரகத்தின் சமூக நல நிதியிலிருந்து சில நிபந்தனைகளோடு உதவி கிடைப்பதுண்டு. கிரேஞ்ச் சாலையிலுள்ள அந்தத் தூதரகத்துக்குப் போய் நேரில் கேளுங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார், ஆங்கிலம் வராது என்ற தயக்கம் வேண்டாம்.

மகளின் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், உங்கள் திருமணச் சான்றிதழ், கணவரின் சம்பளச் சீட்டுகளில் கண்ணில் பட்டவை, வாடகை ஒப்பந்தம் எல்லாவற்றையும் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். அவர் தொலைபேசியைத் திறந்து பார்ப்பது மட்டும் வேண்டாம், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக்காட்டுங்கள். கோவை வழக்கைச் சொல்லும் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அதற்குப் பிறகும் அவருக்குச் சந்தேகம் இருந்தால் எனக்கே எழுதச் சொல்லுங்கள், அவருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். முடிந்தால் அவரோ அம்மாவோ ஒரு மாதம் இங்கே வந்து உங்களோடு இருக்கட்டும். நீங்கள் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும் நாட்களில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஓர் ஆள் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா